ஹோட்டல் புள்ளிகளும் பிரயாணியின் கணக்கும்

மாதத்தில் பாதி நாளை வெளியூரில் கழிக்க நேர்ந்தவர்கள், அதாவது கம்பெனி வேலையாகப் புனேவுக்கும் குருகிராமுக்கும் ஓயாமல் போய்வரும் பொறியாளர்களும், பின்னலாடை ஆர்டர் நிமித்தம் ஐரோப்பாவுக்குச் செல்லும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களும், மருத்துவக் கருவிகளை விற்கும் பிரதிநிதிகளும், ஹோட்டலின் வரவேற்பு மேஜை முன்னால் பெட்டியை இறக்கிவைத்து அடையாள அட்டையை நீட்டியவுடன் அவர்கள் காதில் விழுகிற முதல் கேள்வி, "சார், மெம்பர்ஷிப் நம்பர் இருக்குங்களா?" என்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அநேகர். கேட்ட இடத்திலெல்லாம் பெயரைப் பதிந்துவிட்டு, ஐந்தாறு கம்பெனிகளில் ஆயிரமும் இரண்டாயிரமுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்க, எதிலும் ஓர் இரவுக்குக்கூடக் காணாமல் விட்டுவிடுகிறவர்கள் அவர்களிலும் அதிகம். இவ்விரு சாராருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது என்பது என் மனத்தை உறுத்துகிற விஷயம். எந்தத் திட்டம் சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற விடை ஒன்றில்லை என்பதையும், ஒருவர் வருஷத்தில் போய்வருகிற ஊர்களின் ஜாபிதாவும் அந்த வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பதுமே அவரவர்க்குரிய விடையைத் தீர்மானிக்கின்றன என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டின் பூர்வ கதை ஆகாய விமானத்திலிருந்து தொடங்குகிறது. 1978-இல் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியதால் போட்டி உக்கிரமாகி, ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் மறுநாளே மற்றவரும் குறைத்துவிடுகிற நிலைமை உண்டானபோது, சேர்த்துவைத்த ஒன்றை விட்டுவிட்டு வேறிடம் போக மனிதனுக்கு மனம் வராது என்கிற சுபாவத்தை நன்கு அறிந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில், பறந்த மைல்களைக் கணக்கு வைத்து இலவச டிக்கெட் கொடுக்கிற திட்டத்தை ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 1983-இல், ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதே உபாயத்தை அறை வாடகைக்குக் கொண்டுவந்தன. 1987-இல் ஹில்டனும் ஹயாத்தும் சேர்ந்துகொண்டன. ஆனாலும், ஊரில் ஏதேனும் விசேஷமோ சீசனோ வந்தால் அந்த நாட்களில் இலவச அறை கிடையாது என்கிற நிபந்தனை பிரயாணிகளுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்துவந்தது. ஷெரட்டன், வெஸ்டின் முதலிய ஹோட்டல்களை நடத்திய ஸ்டார்வுட் கம்பெனி 1999-இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது, விலக்கு நாள் என்று ஒன்று கிடையாது, சாதாரண அறை காலியாக இருக்கும் எந்த நாளிலும் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கலாம் என்று அறிவித்தது. இன்று மற்றக் கம்பெனிகளும் இதையே ஏறக்குறைய தங்கள் விதியாக வைத்திருப்பதற்கு அந்த அறிவிப்பே வழிகாட்டி.

மாரியட், ஹில்டன் என்று பெயர்ப்பலகை தாங்கிய கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை அல்ல. நிலமும் கட்டடமும் உள்ளூரில் ஒரு முதலாளிக்கோ குடும்பத்துக்கோ முதலீட்டு ஸ்தாபனத்துக்கோ உரியவையாக இருக்கும்; பெயரும் முறையும் முன்பதிவு வசதியும் மாத்திரம் கம்பெனியினுடையவை. உறுப்பினர் ஒருவர் வந்து தங்கி ஒரு பில்லைக் கொடுத்துவிட்டுப் போனால், அந்தத் தொகையில் நூற்றுக்குச் சுமார் நான்கு அல்லது ஐந்து பங்கைக் கட்டடத்தின் முதலாளி கம்பெனியின் பொது நிதிக்குச் செலுத்துகிறார். பின்னொரு நாள் இன்னொருவர் புள்ளிகளைக் கொடுத்துத் தங்க வரும்போது, அந்த நிதியிலிருந்து முதலாளிக்கு ஒரு தொகை திரும்பி வருகிறது: ஹோட்டல் காலியாகக் கிடக்கும் நாளில், அறையைச் சுத்தம் செய்து துணி மாற்றுகிற செலவுக்குச் சற்று மேலான ஒரு சிறு தொகை, அறைகள் அநேகமாக நிரம்பிவிட்ட நாளிலோ, அன்றைய சராசரி வாடகைக்குச் சமீபமான தொகை.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவருக்கு வரவேற்பு மேஜையில் நடக்கிற பல காரியங்கள் விளங்கிவிடும். ஐந்து அறைகள் காலியாயிருந்தும் "ஸ்டாண்டர்ட் ரூம் இல்லைங்க சார், புள்ளியில் கொடுக்க முடியாது" என்று பதில் வருவது ஏனென்றால், மிஞ்சியிருப்பவை வேறு வகை அறைகளாக இருப்பதால்தான். எந்த அறையைச் சாதாரண அறை என்று வகுப்பது, அவற்றில் எத்தனை வைத்திருப்பது என்பதில் கட்டட முதலாளிக்கும் ஓரளவு கை உண்டு. அதைவிட முக்கியமாக நாம் உணர வேண்டியது, இலவச இரவின் செலவு வாடகையிலேயே முன்கூட்டி அடங்கியிருக்கிறது என்பது. உறுப்பினர் எண்ணைச் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனவரும் ஏறக்குறைய அதே வாடகையைத்தான் கொடுத்தார். அவர் பங்குக்கு வந்திருக்க வேண்டியது மாத்திரம் அவருக்கு வந்து சேரவில்லை. அதனால்தான், அடிக்கடி தங்குகிறவர் இதை அற்பம் என்று ஒதுக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இணையத்தில் அறை விற்கும் இடைத் தரகு ஸ்தாபனங்களின் மூலமாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் புள்ளி கிடையாது, அந்தஸ்துக்குரிய சலுகைகளும் கிடையாது என்கிற விதிக்கும் காரணம் இந்தப் பணப் போக்கிலேயே இருக்கிறது. தரகு ஸ்தாபனத்துக்கு ஹோட்டல் கொடுக்கிற கமிஷன் நூற்றுக்குப் பதினைந்தையும் அதற்கு மேலும் தொடுகிறது. நேராக வருகிற விருந்தினருக்கு ஐந்தைக் கொடுத்தாலும் ஹோட்டலுக்கு லாபமே. ஆகையால் தரகர் தளத்தில் காட்டுகிற விலையையும் ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உறுப்பினருக்குக் காட்டுகிற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னது நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைவாயிருந்தால், சாதாரண உறுப்பினர் புள்ளிகளை நினைத்து வருந்த வேண்டியதில்லை. கம்பெனி மூலம் பிரயாணம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்: கம்பெனி ஹோட்டலோடு நேரில் பேசி முடித்த வாடகைக்கு வழக்கமாகப் புள்ளி உண்டு, டிராவல் ஏஜெண்ட் மொத்தமாக வாங்கிக் கொடுக்கிற அறைக்குப் பெரும்பாலும் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். கிளம்புகிற காலையில் அச்சிட்டுக் கையில் தருகிற பில்லைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அறை வாடகை 9,000 ரூபாய் என்று ஒரு வரி. அதன் கீழே மத்திய வரி 810, மாநில வரி 810 என்று இரண்டு வரிகள். முந்தின இரவு கீழே உணவு விடுதியில் சாப்பிட்டதை அறைக் கணக்கில் எழுதச் சொல்லியிருந்தால் அதற்கொரு வரி. புள்ளி சேர்வது வாடகைக்கும், பெரும்பாலான ஹோட்டல்களில் அறைக் கணக்கில் எழுதிய உணவுக்கும்; வரிக்கு இல்லை. டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய் நூறு டாலர் ஆகிறது. மாரியட்டில் ஒரு டாலருக்குப் பத்துப் புள்ளி வீதம் ஆயிரம் புள்ளி சேரும். அதே அறையை வேறொரு நாள் 15,000 புள்ளிக்குக் கொடுக்கிறார்கள் என்றால், அன்றைக்கு அந்தப் புள்ளிகள் மிச்சப்படுத்துவது வாடகையை மாத்திரமல்ல, வரியையும் சேர்த்து 10,620 ரூபாயை; ஆக ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 71 பைசா. பதினைந்து இரவு காசு கொடுத்துத் தங்கினால் ஓர் இரவு சும்மா கிடைக்கிறது. நூற்றுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைந்த லாபம்.

இந்தியாவில் இந்த வரி விஷயத்தைச் சிறிது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஐந்து சதவிகிதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பதினெட்டு சதவிகிதமும் வரி. மலிவான அறையில் புள்ளியைச் செலவழிப்பவர் தவிர்ப்பது சிறு வரி. உயர்ந்த அறையில் செலவழிப்பவர் தவிர்ப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட விகிதம். ஆகவே கையில் காசும் புள்ளியும் இரண்டும் இருக்கிறவர், மலிவான இரவுக்குக் காசையும், விலையுயர்ந்த இரவுக்குப் புள்ளியையும் கொடுப்பதே புத்திசாலித்தனம். வரியும் சேர்ந்த வாடகையைப் புள்ளி எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிற இந்தச் சிறிய கணிதத்தை ஒவ்வொரு முறையும் கைபேசியிலேயே செய்து பார்த்துவிடலாம். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

எண்ணிக்கையைக் கண்டு மயங்கக் கூடாது என்பதற்கு ஹில்டனையும் ஹயாத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஹில்டன் டாலருக்குப் பத்துப் புள்ளி கொடுக்கிறது. ஹயாத் ஐந்துதான் கொடுக்கிறது. ஆனால் அடிக்கடி பிரயாணம் செய்வோர் தங்கள் அனுபவத்தில் கண்டு சொல்லுகிற மதிப்புப்படி, ஹில்டன் புள்ளி ஒன்று ஏறத்தாழ நாற்பது பைசாவுக்கும், ஹயாத் புள்ளி ஒன்று ஏறத்தாழ ஒன்றரை ரூபாய்க்கும் போகிறது. செலவழித்த தொண்ணூறு ரூபாய்க்கு அங்கே நான்கு ரூபாய், இங்கே ஏழரை ரூபாய். மாரியட் புள்ளி அறுபது எழுபது பைசா என்று நடுவில் நிற்கிறது; ஹாலிடே இன் ஹோட்டல்களின் கம்பெனியான ஐ.எச்.ஜி. ஹில்டனை ஒட்டியது, அதைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரான்ஸ் தேசத்து ஆக்கோர் கம்பெனி மட்டும் இந்த ஏற்ற இறக்கத்துக்கே இடம் வைக்காமல், 2,000 புள்ளி என்றால் பில்லில் 40 யூரோ தள்ளுபடி என்று திட்டமாக வைத்திருக்கிறது. நோவோடெல், மெர்க்யூர் போன்ற ஹோட்டல்களில் புதிய உறுப்பினருக்குப் பத்து யூரோவுக்கு இருபத்தைந்து புள்ளி சேருவதால், நூற்றுக்கு ஐந்து என்பது நிச்சயம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கணக்குப் பார்க்கிற பொறுமை இல்லாதவர்களுக்கும், பண்டிகை நாளில் எத்தனை புள்ளி கேட்பார்களோ என்று கவலைப்பட விரும்பாதவர்களுக்கும் இதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

ஹயாத்தின் புள்ளிக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது என்றால், ஹோட்டல்களை வகுப்பு வாரியாகப் பிரித்து இன்ன வகுப்புக்கு இத்தனை புள்ளி என்கிற அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிட்டு, அதற்குக் கட்டுப்பட்டு நடந்துவந்ததால்தான். 2022-இல் சீசனுக்கும் சீசனில்லாத நாளுக்கும் வித்தியாசம் வைத்தபோதுகூட, முதல் வகுப்பு ஹோட்டலுக்கு 3,500 முதல் 6,500 வரை என்று எல்லையைக் குறிப்பிட்டே அறிவித்தார்கள். ஹில்டன் 2017-லும், மாரியட் 2022 மார்ச்சிலும் அத்தகைய அட்டவணைகளைக் கைவிட்டு, அன்றன்றைய வாடகையை அனுசரித்துப் புள்ளிகளையும் ஏற்றி இறக்குகிற முறைக்குப் போய்விட்டன. அட்டவணை இருக்கிற இடத்தில், ஊரில் மாநாடு நடந்து வாடகை மும்மடங்கான நாளிலும் புள்ளி அறிவித்த எல்லையைத் தாண்டாமல் நிற்கும். அந்த ஒரு நாளில் உறுப்பினருக்குக் கிடைக்கிற ஆதாயம் மற்ற நாட்களில் இரண்டு மூன்று இரவுக்குச் சமம். அட்டவணை போன இடத்தில் இந்த ஆதாயம் அடியோடு போய்விட்டது. ஹில்டனில் ஒரு காலத்தில் 95,000 புள்ளிக்குக் கிடைத்துவந்த மிக உயர்ந்த ஹோட்டல்கள் சில, பிற்பாடு 1,50,000-க்கு ஏறின. புள்ளிகளுக்கு வட்டி இல்லை. விலைவாசி ஏறும்போது அவற்றின் எண்ணிக்கை தானாக வளர்வதுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றலாம் என்று பத்து வருஷம் சேர்த்துவைப்பவரின் கணக்கு, மழைக்காலத்து உப்பைப்போல் இருந்த இடத்திலேயே கரைந்துகொண்டிருக்கும். இரண்டு வருஷத்துக்குள் செலவழிக்க உத்தேசமில்லாத புள்ளியைச் சேர்ப்பதற்காக ஒரு ரூபாயும் அதிகம் கொடுக்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும் ஹயாத்தின் மேன்மையெல்லாம் அந்த ஹோட்டல் இருக்கிற ஊரில்தான் செல்லும். உலகம் முழுவதிலும் மாரியட்டுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் உண்டு; ஹில்டன் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது; ஹயாத்துக்கு இருப்பவை ஆயிரத்துச் சொச்சம். சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் மாத்திரம் போய்வருகிறவர் ஹயாத்தைப் பற்றிக்கொள்ளலாம். மதுரைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போகிறவர் வேறு விதமாக யோசிக்க வேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை வெளிநாட்டுக் கம்பெனிகளில் மாரியட்டே அதிகப் பரவலுடையது. சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழா போன்ற சில ஐ.டி.சி. ஹோட்டல்களும் மாரியட்டின் லக்சுரி கலெக்‌ஷன் வரிசையில் சேர்ந்திருப்பதால், ஐ.டி.சி.யில் தங்கிக்கொண்டே மாரியட் கணக்கில் புள்ளி சேர்க்கவும் வழி இருக்கிறது. தாஜ் குழுமமோ, பம்பாயின் தாஜ் மஹால் முதல் மதுரை பசுமலை ஹோட்டல் வரையில், வெளிநாட்டுக் கம்பெனிகள் எட்டாத ஊர்களிலும் காலூன்றியிருக்கிறது. அதன் பழைய உறுப்பினர் திட்டம் டாடா குழுமத்தின் பொதுத் திட்டத்தோடு இணைந்துவிட்டதால், அங்கே சேருகிற நியூகாயின் ஒன்றின் மதிப்பு ஒரு ரூபாய். அதை ஹோட்டலில்தான் செலவழிக்க வேண்டும் என்கிற நிர்ப்பந்தமும் இல்லை, மளிகை மருந்து வரையில் அந்தக் குழுமத்தின் பிற கடைகளிலும் செல்லும். வெளிநாடு போகாமல் உள்நாட்டிலேயே சுற்றுகிறவர்களுக்கு இது மிகவும் சௌகரியமானது என்று நினைக்கிறேன்.

புள்ளியைவிடப் பிரயாணிகளின் மனத்தை அதிகமாக இழுப்பது அந்தஸ்து. வருஷத்துக்குப் பத்து இரவு தங்கினால் வெள்ளிப் படி, அதற்கு மேல் மாரியட்டில் இருபத்தைந்து இரவுக்கு கோல்டு, ஐம்பதுக்கு பிளாட்டினம், எழுபத்தைந்துக்கு டைட்டானியம், ஹயாத்தின் மிக உயர்ந்த படிக்கு அறுபது இரவு, ஐ.எச்.ஜி.யின் டைமண்டுக்கு எழுபது. ஹில்டன், நாற்பது இரவு என்றிருந்த கோல்டு படியை 2026 தொடக்கத்திலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்திருக்கிறது. படி ஏற ஏறப் புள்ளி சேருகிற வேகமும் ஏறுகிறது. ஹில்டன் கோல்டு உறுப்பினருக்கு எண்பது சதவிகிதம் அதிகமாகச் சேருவதால், சற்று முன் நான் சொன்ன நான்கு ரூபாய் ஏழு ரூபாய்க்கு மேலாகி, புதிய உறுப்பினராக ஹயாத்தில் தங்குகிறவரை அநேகமாக எட்டிப் பிடித்துவிடுகிறது. ஆகையினால் யாரேனும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி மிகச் சிறந்தது என்று புகழ்ந்தால், அவர் எந்தப் படியில் நின்றுகொண்டு பேசுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

உயர்ந்த படியில் இருப்பவருக்குக் கிடைக்கிறவற்றில் மிகவும் விளம்பரமாவது இலவசக் காலை உணவு. ஹில்டன் கோல்டு உறுப்பினருக்கு அமெரிக்காவுக்கு வெளியே இது உண்டு. அந்த அளவு குறைந்த இரவுகளுக்கு வேறு பெரிய கம்பெனி எதுவும் இதை இவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை. குடும்பத்தோடு லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போய் ஒரு வாரம் தங்குகிறவருக்கு, தலைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் விலையுள்ள காலை உணவு தினந்தோறும் மிச்சமாவது சாமானியமான உதவி அல்ல. ஆனால் நம் நாட்டில் வியாபார நிமித்தம் தங்குகிற ஹோட்டல்களில் காலை உணவு பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்துவிடுகிறது. இட்லியும் பொங்கலும் எல்லோருக்கும் பொதுவாகப் பரப்பிவைத்திருக்கும் கூடத்தில், பிளாட்டினம் உறுப்பினருக்கென்று தனியாக ஒன்றும் கிடைப்பதில்லை. உள்நாட்டில் மாத்திரம் பிரயாணம் செய்கிறவர், இந்தச் சலுகைக்கு ஒரு மதிப்புப் போட்டுத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டாரானால், அது வராத வரவை எழுதியதாகும்.

பிற்பகல் நான்கு மணி வரையில் அறையை வைத்துக்கொள்ளலாம் என்கிற சலுகையைப் பற்றி விளம்பரங்களில் அதிகமாகப் பேசக் காணோம். எனக்கோ, அடிக்கடி அலைகிறவர்களின் உடம்புக்கு இதைப்போல நன்மை செய்வது வேறொன்றும் இல்லை என்று தோன்றுகிறது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலிசெய்துவிட்டு, பெட்டியை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒப்படைத்து, வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி, கூடத்து நாற்காலியில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு இரவு ரயிலுக்காக ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மனிதரை எந்தப் பெரிய ஹோட்டலிலும் பார்க்கலாம். அவருக்கு மேலே ஓர் அறையும், குளிக்கத் தண்ணீரும், ஒரு மணி நேரம் படுக்கக் கட்டிலும் கிடைக்குமானால், அன்றைய பிரயாணமே வேறாகிவிடும். மாரியட்டின் பிளாட்டினம் உறுப்பினருக்கும் ஹயாத்தின் உயர்படி உறுப்பினருக்கும் இது உண்டு. கடற்கரை விடுதிகள் போன்ற சில இடங்களில் மாத்திரம் அறை மிச்சமிருந்தால்தான் கொடுப்பார்கள். பெரிய சூட் அறைக்கு மாற்றித் தருவதும் அப்படித்தான், அன்றைய நிலைமையைப் பொறுத்தது. அதை எதிர்பார்த்துப் போகிறவர் அடிக்கடி மனம் நோவார்.

டிசம்பர் மாதத்தில், பிளாட்டினத்துக்கு நாலு இரவு குறைகிறதென்று, வேலையே இல்லாத நாளில் அறை எடுத்து எண்ணிக்கையை நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே அளவு பிரயாணம் நிச்சயமாக உண்டு, வெளிநாட்டுக் காலை உணவும் பிற்பகல் அறையும் பல முறை பயன்படும் என்று தெரிந்தவர், மலிவான ஹோட்டலில் அந்த நாலு இரவை வாங்குவதில் பிழையில்லை. வேலை மாறப்போகிறவருக்கும், குழந்தை பிறந்த வீட்டில் பிரயாணத்தைக் குறைத்துக்கொள்ள நினைப்பவருக்கும் அது வீண் செலவு. வீட்டில் இருக்க வேண்டிய இரவை ஓர் அட்டையின் நிறத்துக்காக விற்பது எனக்குச் சம்மதமில்லை.

வங்கிகள் வழங்கும் கடன் அட்டைகளும் இத்திட்டங்களோடு பிணைந்துவிட்டன. எச்.டி.எப்.சி. வங்கி 2023 ஆகஸ்டில் மாரியட்டோடு சேர்ந்து வெளியிட்ட அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 3,000 ரூபாய். அதற்கு ஈடாக 15,000 புள்ளிக்குட்பட்ட ஹோட்டலில் ஓர் இரவும், வெள்ளிப் படியும், பத்து இரவுக் கணக்கும் கொடுப்பதாக அறிவித்தார்கள். முன்சொன்ன 9,000 ரூபாய் அறைக்கு அந்த ஓர் இரவு பயன்படுமானால், கட்டணத்தைக் கழித்தும் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம். மாதந்தோறும் பாக்கியை முழுவதும் கட்டிவிடுகிற பழக்கமுள்ளவருக்கு மாத்திரமே இந்தக் கணக்கு செல்லும். பாக்கி வைத்து வட்டி கட்டுகிறவருக்கு எந்த இலவச இரவும் ஈடாகாது.

இன்னொருவர் கொடுக்கிற வாடகையில் சேருகிற புள்ளி யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. கம்பெனி பணம் கொடுக்கிறது, ஊழியர் புள்ளியைச் சேர்த்துக்கொண்டு குடும்பத்தோடு கோவாவுக்குப் போகிறார். அமெரிக்க மத்திய அரசாங்கம் 2001 இறுதியில் சட்டத்தைத் திருத்தி, உத்தியோகப் பிரயாணத்தில் சேர்ந்தவற்றைத் தன் ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதற்கு அடுத்த ஆண்டே ஜெர்மனியில், உத்தியோகப் பயணங்களில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தத்துக்குப் பயன்படுத்திய விவகாரம் கிளம்பி, பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராயிருந்த கிரிகோர் கீஸி பதவியை விட்டு விலகினார். ஒரே காரியம் ஒரு தேசத்தில் உரிமையாகவும் மற்றொன்றில் குற்றமாகவும் கருதப்பட்டது. வீட்டை விட்டு வெளியே உறங்குகிற கஷ்டத்தை அனுபவிப்பவர் ஊழியரே ஆகையால் புள்ளி அவருக்குச் சேர்வது நியாயம் என்பது என் கொள்கை. ஆனால் புள்ளிக்காகக் கம்பெனியின் தலையில் அதிக வாடகையை ஏற்றாமலிருப்பது அதற்கு நிபந்தனை. கம்பெனியின் விதி என்ன சொல்கிறது என்பதை மனிதவளத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பெயர், கைபேசி எண், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தோம் என்கிற விவரம், இவ்வளவையும் இந்தத் திட்டங்களுக்கு நாம் கொடுத்துவிடுகிறோம். மாரியட் 2016-இல் ஸ்டார்வுட்டை விலைக்கு வாங்கியபோது அதன் முன்பதிவுக் களஞ்சியமும் கூடவே வந்தது. அதற்குள் 2014 முதலே அந்நியர் புகுந்திருந்தனர் என்பது 2018 நவம்பரில்தான் வெளியாயிற்று. மறைகுறியாக்கப்படாத பாஸ்போர்ட் எண்கள் மாத்திரம் ஐம்பது லட்சத்துக்கு மேல் அதில் அகப்பட்டிருந்தன. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு அதிகாரி 2020-இல் 1.84 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். புள்ளிக் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே மாற்றிக்கொள்ள வேண்டும். புள்ளிகளும் திருடு போகக்கூடியவையே.

கடைசியாக, காலாவதி. மாரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் இருபத்து நான்கு மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளிகள் அழிந்துவிடும். ஆக்கோரிலும், படி எதுவும் எட்டாதவருக்கு ஐ.எச்.ஜி.யிலும் பன்னிரண்டே மாதம். பிரயாணம் நின்றுபோன வருஷத்தில்தான் இது மறந்துபோகிறது. ஹில்டன் உறுப்பினர்கள் பதினோரு பேர் வரை கூடிப் புள்ளிகளைக் கட்டணமின்றி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள இடமிருப்பதால், கணவன் கணக்கில் ஆறாயிரமும் மனைவி கணக்கில் ஒன்பதாயிரமுமாக நிற்பவற்றை ஒரு கணக்குக்கு மாற்றி, கெடு வருமுன்னே ஒரு சனி ஞாயிறுக்குத் தங்கிவிட்டு வரலாம். பதிவு செய்யும்போது, காலை உணவு வாடகையில் அடங்கியதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.